தண்ணீர் எப்போது ஏறியது?

அறிவியல் ஆசிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே "இந்தப் பாடத்துக்கு நீங்கள் என்ன செய்து காட்டுவீர்கள்?" என்பதில் வந்து நிற்கும். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடிக்கும். அப்படிக் கிடைத்த யோசனைகளை வைத்துத்தான் பல வருடங்களாக வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பரிமாற்றத்தில் பாதி விஷயம் விடுபட்டுப் போகிறது. என்ன பொருள் வேண்டும், எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், எப்போது பற்றவைக்க வேண்டும் என்பதெல்லாம் வந்துவிடும். அதற்கு முன்னால் மாணவர்களிடம் என்ன கேட்க வேண்டும், அவர்கள் என்ன சொல்வார்கள், அந்தப் பதில்களில் எது பாடத்தையே வேறு பக்கம் திருப்பும் என்பது வராது. யோசனையின் உயிர் இந்த விடுபட்ட பாதியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு செயல்விளக்கத்தையே எடுத்துக்கொள்வோம். தட்டில் நிறம் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. அதன் மேல் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கிறோம். சுடர் மங்கி அணைகிறது. தண்ணீர் குவளைக்குள் ஏறுகிறது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது" என்று சொல்லி முடித்துவிடலாம். பல வகுப்பறைகளில் இது அப்படித்தான் முடிகிறது. ஆனால் அந்த விளக்கம் தவறு.

அதே பொருள்கள் இருக்கட்டும், கேள்வியை மட்டும் மாற்றலாம். குவளையைக் கவிழ்க்கும் முன்பே இப்படிக் கேட்கிறேன்: "ஆக்சிஜன் தீர்வதால்தான் தண்ணீர் ஏறுகிறது என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வது சரியென்றால் தண்ணீர் எப்போது ஏற வேண்டும்?" கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் ஒருவர், "எரிந்துகொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும்" என்பார். சரி, எழுதி வையுங்கள் என்கிறேன். எல்லோரும் நோட்டில் எழுதிய பிறகுதான் குவளை தட்டில் இறங்கும்.

இப்போது வகுப்பு முழுவதும் தண்ணீரின் விளிம்பைத்தான் பார்க்கிறது. குவளையைக் கவிழ்க்கும்போது அதன் வாய்ப்பக்கம் சில சமயம் குமிழ்கள் வெளியேறும். முன்வரிசையில் இருப்பவர்கள் கண்ணில் அது பட்டுவிடும். சுடர் எரியும்வரை தண்ணீர் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. சுடர் அணைகிறது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் சட்டென்று மேலே ஏறுகிறது. "டீச்சர், அணைஞ்ச பிறகுதானே ஏறுது!" என்று யாராவது ஒருவர் கத்தாத வகுப்பை நான் பார்த்ததில்லை.

அடுத்த கேள்வியையும் எழுத வைக்கிறேன். ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்து, அதே குவளையைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? ஆக்சிஜன் கணக்குப்படி பார்த்தால் உயரம் மாறக் கூடாது. குவளைக்குள் இருக்கும் காற்று அதே அளவுதானே. செய்து பார்த்தால் தண்ணீர் முன்பைவிட நன்றாக மேலே வருகிறது. பழைய விளக்கம் இந்த இடத்தில் உடைந்துவிடும். அதை நான் உடைக்க வேண்டியதே இல்லை. சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போனது, அணைந்ததும் உள்ளே மிச்சமிருந்தது குளிர்ந்து சுருங்கியது, எரிதலில் உண்டான நீராவியும் குளிர்ந்து நீரானது என்ற விளக்கத்தை அவர்களே துண்டு துண்டாகச் சொல்லிச் சேர்ப்பார்கள். சுடர் அணையும்போது குவளைக்குள் ஆக்சிஜன் இன்னும் கணிசமாக மிச்சமிருக்கிறது, எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாக கார்பன் டை ஆக்சைடும் வந்து சேர்ந்திருக்கிறது என்ற இரண்டு தகவல்களை மட்டும் நான் சொல்வேன்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதை உண்மையிலேயே காட்ட வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. மெல்லிய இரும்பு நாரை வினிகரில் அலசி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, சோதனைக்குழாயின் அடியில் திணித்து, குழாயைத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்த வேண்டும். மறுநாள் வந்து பார்த்தால் இரும்பு துருப்பிடித்திருக்கும். தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு வந்திருக்கும். இங்கே சூடு இல்லை, புதிதாக வாயு எதுவும் உண்டாகவும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எதை நம்பலாம், ஏன்?" என்று கேட்டால் பாடவேளை மணி அடிக்கும்வரை வாதம் ஓடும்.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே 1860–61 குளிர்காலத்தில் இளைஞர்களுக்காக ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஆறுக்கும் பொருள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. பொருள் எளிமையாக இருக்கலாம், கேள்வி கூர்மையாக இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் எனக்குத் தெரியாது.

முதலில் ஊகி, பிறகு கவனி, அப்புறம் விளக்கு என்ற இந்த மூன்று படிகளை ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் என்ற இரு கல்வியாளர்கள் 1992ஆம் ஆண்டு எழுத்தில் விரிவாகப் பதிவு செய்தார்கள். படிக்கும்போது மிகச் சாதாரணமாகத் தெரியும். வகுப்பில் செய்யும்போதுதான் முதல் படியின் வலிமை புரியும். ஊகத்தை வாயால் சொல்வது போதாது. எழுத வேண்டும். எழுதாத ஊகம், முடிவைப் பார்த்ததும் தானாக மாறிவிடும். "நான் அப்பவே இதைத்தான் நினைச்சேன்" என்று எல்லோரும் சொல்வார்கள், பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல். நோட்டில் எழுதியது அப்படி மாறாது. தான் எழுதியதும் கண்ணால் பார்த்ததும் ஒத்துப்போகாத அந்த நொடியில்தான் மாணவர் விளக்கத்தைத் தேட ஆரம்பிக்கிறார்.

எழுதிய ஊகத்துக்கு மதிப்பெண் போடக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு முறை மதிப்பெண் போட்டுவிட்டால், அடுத்த முறையிலிருந்து ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை ஊகித்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

வேதியியலில் இதற்குப் பொருத்தமான இன்னொன்று, தராசில் வைத்து எரிக்கும் இரும்பு நார். எரிந்தால் எடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? காகிதமும் விறகும் எரிந்து சாம்பலாவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் குறையும் என்றுதான் எழுதுவார்கள். தராசின் எண் ஏறும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஆக்சிஜன் வந்து சேர்ந்தது என்று சொல்வதற்கு முன்னால், "அந்தக் கூடுதல் எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. தீப்பொறி தெறிக்கும் என்பதால் தராசின் மேல் வெப்பம் தாங்கும் தட்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம்.

இதே கேள்வியை மரத்தை வைத்துக் கேட்டால் ஒளிச்சேர்க்கைப் பாடம் தொடங்கிவிடும். ஒரு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்று பெரும்பாலானவர்கள் எழுதுவார்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்களும் அதையே எழுதுவார்கள். அப்போது வான் ஹெல்மான்ட் என்ற பதினேழாம் நூற்றாண்டு வேதியியலாளரின் சோதனையைக் கொடுக்கலாம். உலர்த்தி எடைபோட்ட 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கும் சற்று அதிகமாக வளர்ந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். ஆகவே மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உண்டானது என்று முடிவு செய்தார். அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சில் வந்தது. "அளவீட்டில் குறை சொல்ல முடியாது. அப்படியானால் முடிவு எங்கே தவறியது?" என்பதுதான் வகுப்புக்கான கேள்வி. அவர் எதை எடைபோடவில்லை என்று தேடித் தேடிக் கடைசியில் காற்றில் வந்து நிற்பார்கள். கரி எரியும்போது வரும் வாயுவைப் பற்றி ஆராய்ந்தவரும் இதே வான் ஹெல்மான்ட்தான். அந்த வாயுதான் மரத்துக்குள் போகிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. இதைச் சொன்னால் மாணவர்களுக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிடுகிறது.

மின்சாரப் பாடத்துக்கு வருவோம். உயர்நிலை வகுப்பு அறிவியலிலேயே இதுதான் மிகவும் வழுக்கலான இடம். கணக்கெல்லாம் சரியாகப் போடுவார்கள். ஓம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பல்புக்கு முன்னால் மின்னோட்டத்தை அளக்கும் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர் வைத்தால் எது அதிகம் காட்டும் என்று கேளுங்கள். முன்னால் இருப்பதுதான் என்று நிறைய கைகள் உயரும். பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. இரண்டு மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டும்போது மீட்டர் பழுது என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களை மறுக்க வேண்டாம். மீட்டர்களை இடம் மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகு கயிறு. நீளமான வழுவழுப்பான கயிறு ஒன்றின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு வளையமாக்கி, மாணவர்களை வட்டமாக நிற்க வைத்து, எல்லோரும் விரல்களுக்கிடையே தளர்வாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். நான் ஒரு கையால் இழுத்து மறு கையால் விட்டுக்கொண்டே இருக்கிறேன். நான்தான் பேட்டரி. கயிறு வட்டமாக ஓடுகிறது. எதிர்ப்பக்கம் நிற்கும் ஒருவரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறேன். அவர்தான் பல்பு. சில நொடிகளில், "சுடுது டீச்சர்" என்பார்.

இப்போது கேள்விகள். பல்புக்கு முன்னால் கயிறு எவ்வளவு வேகமாகப் போகிறது? பின்னால்? ஒரே வேகம். கயிறு ஏதாவது குறைந்ததா? இல்லை. அப்படியானால் அந்தக் கைக்குச் சூடு எங்கிருந்து வந்தது? எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பும். பேட்டரியின் ஆற்றல் பல்புக்குப் போகிறது, மின்னோட்டம் எங்கும் தீர்ந்துபோகவில்லை என்பதை அவர்கள் கைகளே சொல்லிவிடும். இன்னும் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகிறது? பல்புக்குப் பக்கத்தில் மட்டுமா வேகம் குறைகிறது? வட்டம் முழுவதும் குறைகிறது. மின்தடை கூடினால் சுற்று முழுவதும் மின்னோட்டம் குறையும் என்ற வரி அந்த நேரத்தில் எல்லோருக்கும் உடம்பால் தெரிந்த விஷயமாகிவிடுகிறது. சுவிட்சைப் போட்டதும் பல்பு ஏன் உடனே எரிகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சாதாரணச் சுற்று ஒன்றில் எலக்ட்ரான்கள் கம்பிக்குள் முன்னேறும் சராசரி வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆனாலும் சைக்கிள் சங்கிலிபோலச் சுற்று முழுவதும் ஒரே நேரத்தில் நகர ஆரம்பித்துவிடுகிறது.

இதற்கப்புறம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். "இந்தக் கயிறு எங்கே பொய் சொல்கிறது?" என்று கேளுங்கள். இரண்டு பல்புகளைப் பக்க இணைப்பில் வைத்தால் கயிற்றை எப்படிப் பிரிப்பது என்று ஒருவர் கேட்பார். பேட்டரி உண்மையில் கயிற்றை இழுக்கிறதா, தள்ளுகிறதா என்று இன்னொருவர் கேட்பார். கம்பியை வெட்டினால் எலக்ட்ரான்கள் கீழே கொட்டவில்லையே, கயிறு விழுந்துவிடுகிறதே என்று கேட்ட மாணவியை மறக்க மாட்டேன். எந்த மாதிரிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கும்போது, மாதிரியையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

மூடிய குழாய் சோதனை எனக்கு மிகவும் பிரியமானது. ஒரு பிளாஸ்டிக் குழாய். இரு முனைகளும் அடைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் நான்கு துளைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நூல் முனை தொங்கும். மேல் இடது நூலை இழுத்தால் மேல் வலது உள்ளே போகிறது. சரி, ஒரே நூல்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். அடுத்து கீழ் இடது நூலை இழுத்தால், வெளியே நீண்டிருந்த மேல் நூல் உள்ளே போகிறது. எந்த நூலை இழுத்தாலும் நீளமாக இருக்கும் நூல்தான் உள்ளே போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று வரையச் சொல்கிறேன்.

முதலில் வரும் படங்களில் இரண்டு நூல்கள் உள்ளே முடிச்சுப் போடப்பட்டிருக்கும். சிலர் வளையம் ஒன்றைப் போட்டு நூல்களை அதன் வழியே விடுவார்கள். சிலர் ஒரு நூலை மற்றதன் மேல் சுற்றி விடுவார்கள். காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி, நூல் கொடுத்து, வரைந்ததைச் செய்து பார்க்கச் சொன்னால் சில படங்கள் உடனே தோற்றுப்போகும். வளையமும் வேலை செய்யும், வளையமே இல்லாமல் நூலோடு நூல் கோத்ததும் வேலை செய்யும். அப்போது வகுப்பு இரண்டாகப் பிரிந்து, "திறந்து காட்டுங்க டீச்சர்" என்று ஒரே சத்தம் போடும்.

நான் திறப்பதில்லை. இதுவரை யாருக்கும் திறந்ததில்லை. அணுவை யாரும் திறந்து பார்த்ததில்லை என்று மட்டும் சொல்வேன். தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை விட்டு, அவை எந்தப் பக்கம் தெறிக்கின்றன என்பதை வைத்துத்தான் உள்ளே மிகச் சிறிய, நிறை மிகுந்த கரு ஒன்று இருக்க வேண்டும் என்று ரதர்ஃபோர்டு 1911இல் சொன்னார். உங்கள் இரண்டு மாதிரிகளில் எது சரி என்று திறக்காமலே முடிவு செய்ய என்ன சோதனை செய்வீர்கள்? எடை பார்க்கலாமா? குலுக்கிச் சத்தம் கேட்கலாமா? காந்தத்தை அருகில் கொண்டுபோகலாமா? அணு அமைப்புப் பாடத்தை இந்தக் குழாய்க்குப் பிறகு எடுத்தால் மாணவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு. எலக்ட்ரான் எத்தனை என்று கேட்பவர்கள் குறைந்து, அது எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் கூடுகிறார்கள்.

குழாயைத் திறந்து காட்ட வேண்டும் என்று வாதிடும் ஆசிரியர்களும் உண்டு. குழந்தைகளை ஏங்க வைப்பது சரியில்லை என்பார்கள். அந்த ஏக்கம் வீட்டுக்கும் கூடவே போக வேண்டும் என்பது என் கட்சி.

அளவுகள் பற்றிய பாடங்களுக்குப் பந்தும் நூலும் போதும். 20 செ.மீ. விட்டமுள்ள பந்து ஒன்று பூமி. நிலவு அதில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே பெரிது, ஐந்தரை செ.மீ. பந்து. நிலவை எங்கே பிடிக்க வேண்டும்? பெரும்பாலும் ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார்கள். பாடப் படங்களில் அப்படித்தானே இருக்கிறது. இப்போது பூமிப் பந்தைச் சுற்றி ஒரு நூலை ஒன்பதரைச் சுற்று சுற்றி, பிரித்து, நீட்டச் சொல்லுங்கள். ஆறு மீட்டர் வரும். நிலவைப் பிடித்திருப்பவர் நடந்து நடந்து வகுப்பறையின் மறு கோடிக்குப் போய்விடுவார். அடுத்து, சர்வதேச விண்வெளி நிலையத்தை எங்கே வைப்பது? இப்போது எல்லோரும் எச்சரிக்கையாகி, ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்பார்கள். அது பறக்கும் உயரம் சுமார் 400 கி.மீ. இந்தப் பந்தில் அது ஆறு மில்லிமீட்டர்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அங்கே ஈர்ப்பு விசை இல்லாமல் எப்படிப் போகும்? அந்த உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 89 சதவீதம். அப்புறம் ஏன் விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்கள் என்ற கேள்விக்கு வகுப்பு தானாகவே வந்துவிடும். விழுந்துகொண்டே இருப்பது பற்றிய பாடத்தை அங்கே தொடங்கலாம்.

காலத்துக்கு 46 மீட்டர் கயிறு. பூமியின் வயது 460 கோடி வருடம். ஒரு மீட்டர் பத்துக் கோடி வருடம். நிகழ்வுகளை எழுதிய அட்டைகளைக் கொடுத்து, முதலில் ஊகித்தே மாட்டச் சொல்ல வேண்டும். டைனோசர்களை நடுவில் எங்கோ மாட்டுவார்கள். உண்மையில் பறவைகளைத் தவிர்த்த டைனோசர்கள் அழிந்த இடம் இன்றைய நாளைக் குறிக்கும் முனையிலிருந்து 66 செ.மீ.தான். மனித இனம் கடைசி மூன்று மில்லிமீட்டர்.

கதிரியக்கத்துக்கு நூறு பகடைகள், ஒவ்வொன்றும் சிதையக் காத்திருக்கும் ஓர் அணு. ஒவ்வொரு வீச்சிலும் ஆறு விழுந்தவற்றை எடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணி வரைபடம் போட்டால் பாதியாவதற்கு நான்கு வீச்சுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். எந்தப் பகடை அடுத்து போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, மொத்தத்தில் எத்தனை போகும் என்று ஓரளவு எல்லோராலும் சொல்ல முடியும். இதைக் கேள்வியாகக் கேட்டு முடித்தால் போதும்.

இவ்வளவுக்கும் பொதுவான ஒரு விஷயம், காத்திருப்பது. கேள்வி கேட்டபிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கண்டறிந்து 1970களில் எழுதினார். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, தெரியாது என்று சொல்வது குறைகிறது, மாணவர்கள் தாங்களாகவே கேள்வி கேட்பது கூடுகிறது என்பதையும் அவர் காட்டினார். மூன்று நொடி மௌனம் வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு ரொம்ப நீளமாகத் தெரியும். ஜன்னல் பக்கம் நடந்துபோய்த் திரும்பி வருவது எனக்கு உதவுகிறது.

கூட்டமான வகுப்பில் எல்லோருடைய பதிலையும் எப்படிக் கேட்பது என்ற கேள்வி நியாயமானது. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இதற்கு நன்றாகக் கைகொடுக்கும். நான்கு விடைகள் உள்ள ஒரு கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைக் காட்ட வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். மறுபடி விடையைக் காட்ட வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. விரல்களை நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினால் அடுத்தவரைப் பார்த்துக் காட்டுவதும் குறையும். கிட்டத்தட்ட எல்லோரும் சரியாகச் சொல்லும் கேள்வியாலும் பயனில்லை, யாருமே சொல்ல முடியாத கேள்வியாலும் பயனில்லை. வகுப்பு ஏறக்குறையப் பாதியாகப் பிரியும் கேள்விதான் தங்கம். அப்படிப்பட்ட ஒரு கேள்வி எந்த ஆசிரியரிடமாவது இருந்தால் அதை அவர் நோட்டிலேயே பூட்டி வைக்கக் கூடாது.

போர்ஷன் முடியாது என்ற கவலையையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மெழுகுவர்த்திக்கு ஒரு முழுப் பாடவேளை போய்விடும். ஆனால் வெப்பத்தால் வாயு விரிவது, எரிதல், ஆவி குளிர்வது, காற்றின் கூறுகள் எல்லாம் அதில் வந்துவிட்டன. பின்னால் அந்தப் பாடங்களுக்கு வரும்போது "அன்றைக்கு மூன்று மெழுகுவர்த்தி வைத்தோமே" என்று ஒரு வரியில் தொடங்கலாம். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்யத் தேவையும் இல்லை. நரம்பு மண்டலத்தின் பாகங்களை நேராகச் சொல்லிக்கொடுத்துப் படிக்க வைப்பதே நல்லது. மாணவர்கள் ஏற்கெனவே ஒரு தவறான நம்பிக்கையோடு வந்து உட்காரும் இடங்கள் எவை என்று பார்த்து, அங்கே மட்டும் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும்.

வெடிப்பும் தீச்சுடரும் நிறைந்த செயல்விளக்கங்கள் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அவற்றால் உற்சாகம் வரும், மறுக்கவில்லை. ஆனால் எதையும் ஊகிக்கவிடாத வெடிப்பு வெறும் வேடிக்கையாகவே நின்றுவிடுகிறது. ஆபத்தும் உண்டு. திறந்த பாத்திரத்தில் மெத்தனாலை எரித்து உப்புகளின் நிறச்சுடர் காட்டும்போது, அணைந்துவிட்டது என்று நினைத்துப் புட்டியிலிருந்து மறுபடி ஊற்றப் போய், தீ பாய்ந்து மாணவர்கள் மோசமாகக் காயம்பட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. உப்புக் கரைசலில் நனைத்த மரக்குச்சியைப் பன்சன் சுடரில் காட்டினால் அதே நிறங்கள் பாதுகாப்பாகத் தெரியும். ஆகவே ஒரு யோசனையை இன்னொருவருக்குச் சொல்லும்போது எவ்வளவு அளவு, என்ன தவறலாம், எதைச் செய்யவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

வேதிப்பிணைப்பு பற்றி ஒரு விஷயம். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று மாணவர்கள் நம்புகிறார்கள். எரிபொருளுக்குள் ஆற்றல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, உடைத்தால் வெளியே வரும் என்பது அவர்கள் மனதில் உள்ள படம். இரண்டு காந்தங்களைக் கொடுத்து ஒட்டவும் பிரிக்கவும் சொல்கிறேன். பிரிப்பதற்குத்தான் பலம் வேண்டும், ஒட்டும்போது டக்கென்ற சத்தத்தோடு ஆற்றல் வெளியே வருகிறது. இதுவரை நன்றாகப் போகும். உடனே ஒருவர் கேட்பார்: "அப்படியென்றால் ஹைட்ரஜனை எரித்தால் மட்டும் ஏன் சூடு வருகிறது?" உடைக்க ஆகும் செலவைவிடப் புதிதாக ஒட்டும்போது வரும் வரவு அதிகம் என்று எண்களைப் போட்டுக் காட்டலாம். இரண்டு மோல் ஹைட்ரஜனையும் ஒரு மோல் ஆக்சிஜனையும் பிரிக்க ஏறக்குறைய 1,370 கிலோஜூல். இரண்டு மோல் நீராவியின் நான்கு மோல் பிணைப்புகள் உருவாகும்போது கிடைப்பது ஏறக்குறைய 1,850. கணக்கைப் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அடுத்த வாரம் கேட்டால் பழைய படமே திரும்ப வந்திருக்கிறது. காந்தத்துக்கும் கணக்குக்கும் நடுவில் ஒன்று தேவைப்படுகிறது. எண் எதுவும் இல்லாமல், முன்கூட்டியே ஊகத்தை எழுத வைத்து, வகுப்பைப் பாதியாகப் பிரிக்கும் ஒரு கேள்வி. அது கிடைத்தால் இந்தப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கிவிடுவேன்.